அரைக்கட்டை அக்கா

ஏழாம் எண் இயந்திரம் சுழலத் தொடங்கியதும் அவள் துணி மடிப்பதை நிறுத்திவிடுவாள். பாதி மடித்த தலையணை உறை கையில் அப்படியே இருக்கும். தலை லேசாக இடப்பக்கம் சாயும். இயந்திரத்தில் ஏதோ கோளாறு கண்டுவிட்டாள் என்று புதிதாக வருகிறவர்கள் நினைப்பார்கள். அவள் கேட்பது இயந்திரத்தை அல்ல. அதன் எதிரே மர பெஞ்சில் காலிக் கூடையை மடியில் வைத்துக்கொண்டு, கண்ணாடி வட்டத்துக்குள் நுரையோடு புரளும் தன் வீட்டுத் துணிகளையே பார்த்தபடி உட்கார்ந்திருக்கும் பெண்ணை. அந்தப் பெண் வாயைத் திறக்காமல் எதையோ ராகமாக முணுமுணுத்துக்கொண்டிருப்பாள். முணுமுணுப்பது அவளுக்கே தெரியாது. இயந்திரத்தின் இரைச்சலுக்குள் தன் குரல் யாருக்கும் கேட்காது என்று மனம் எப்படியோ தானாகக் கணக்குப் போட்டுவிட்டிருக்கும்.

கேட்கும். சலவைக்கடைக்காரிக்குக் கேட்கும். இருபத்திரண்டு வருடமாக அந்த இரைச்சலுக்குள் வாழ்கிறவள். கடலோரத்தில் இருப்பவர்களுக்கு அலைச் சத்தம் எப்படியோ, அவளுக்கு அது அப்படி. மேலே மிதப்பது எதுவானாலும் துல்லியமாகக் காதில் விழும்.

"ரெண்டு கட்டையில நிக்குது. நல்ல குரல். கொஞ்சம் தூசி படிஞ்சிருக்கு, அவ்வளவுதான்" என்று தனக்குள் சொல்லிக்கொண்டு தலையணை உறையை மடித்து முடிப்பாள்.

அவளை அந்தத் தெருவில் அரைக்கட்டை அக்கா என்பார்கள். பாட்டின் சுருதியைக் கட்டை என்று சொல்வது பாடுகிறவர்களின் வழக்கம். யார் எந்தப் பாட்டைப் பாடப் பயந்து நின்றாலும் அவள் சொல்கிற முதல் மருந்து, "அரைக்கட்டை இறக்கிப் போடுறேன், பாரு" என்பதுதான். ஆளும் நாலே முக்கால் அடி என்பதால் பெயர் இரண்டு பக்கமும் பொருந்திவிட்டது. அதில் அவளுக்கு வருத்தமில்லை. மேல் தட்டில் இருக்கும் சோப்புப் பெட்டியை எடுக்க முக்காலி தேடும்போது மட்டும், "ஆண்டவன் என்னையும் அரைக்கட்டை இறக்கித்தான் போட்டிருக்கான்" என்று சிரிப்பாள்.

கடையின் பின்னால் துணி உலர்த்தும் அறை. நான்கு கொடிகள் குறுக்கே ஓடும். சின்ன விடுதிகளிலிருந்து வரும் வெள்ளைப் படுக்கை விரிப்புகள் அவற்றில் தரையைத் தொடும் அளவுக்குத் தொங்கும். மேற்கே இருக்கும் ஒற்றை ஜன்னலின் வெளிச்சம் ஒவ்வொரு விரிப்பாகத் தாண்டி வரும்போது பாலில் கரைந்தது போல ஆகிவிடும். காற்றில் வெதுவெதுப்பான ஈரம். முன்பக்கத்து இயந்திரங்களின் ரீங்காரம் சுவர் வழியாகக் கசிந்து, நிற்காத தம்புரா மாதிரி அடியில் ஓடிக்கொண்டேயிருக்கும். உள்ளே நுழைகிறவர்கள் சற்று நேரத்துக்கு அன்றைய கிழமையை மறந்துவிடுவார்கள். யாராவது சத்தமாகப் பேசினால் பக்கத்திலிருப்பவரே உதட்டில் விரல் வைப்பார். தூங்கும் குழந்தை எதுவும் அங்கே கிடையாது, ஆனாலும் அப்படித்தான்.

அந்த அறையின் மூலையில் பழைய தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றும் கரோக்கிப் பெட்டி ஒன்றும் இருக்கின்றன. மைக் இரண்டு, ஒன்று வேலை செய்யாது. வேலை செய்யாததையும் அவள் தூக்கிப் போடவில்லை. முதல்முறை வருகிறவர்களுக்கு அதைத்தான் கொடுப்பாள். "இது செத்துப்போன மைக். நீ என்ன பாடினாலும் வெளிய போகாது. சும்மா கையில பிடிச்சுப் பழகு" என்பாள். புதன்கிழமை மதியம் இரண்டு மணியிலிருந்து ஐந்து மணி வரை இந்தக் கச்சேரி. பெண்கள் மட்டும். துவைக்க வந்தவர்கள் காத்திருந்த நேரத்தில் தொடங்கியது. இப்போது துவைக்க அழுக்குத் துணி இல்லாதவர்கள் கூட இரண்டு துண்டை நனைத்து எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.

பாட்டைத் தேர்ந்தெடுப்பதில் அவளுக்கென்று ஒரு வழி உண்டு. உங்களுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்கவே மாட்டாள். பிடித்த பாட்டுதான் ஆபத்து என்பது அவள் கட்சி. "பிடிச்ச பாட்டை ஆயிரம் தடவை கேட்டிருப்பே. பாடினவங்க குரல் உள்ளயே உக்காந்திருக்கும். நீ வாயைத் திறந்ததும் அது உன்னைப் பார்த்துச் சிரிக்கும்." அதற்குப் பதில் ரசீது எழுதுகிற சாக்கில் தொலைபேசி எண்ணைக் கேட்பாள். பெயர் சொல்லும்போது மனிதர்கள் கொஞ்சம் நடிப்பார்கள். விலாசம் சொல்லும்போது அவசரப்படுவார்கள். எண்ணைச் சொல்லும்போது மட்டும் யாரும் நடிப்பதில்லை. கடைசி இரண்டு இலக்கத்தில் குரல் தானாகத் தன் வீட்டுக்கு வந்து உட்கார்ந்துவிடும். அந்த இடத்தைப் பென்சிலால் குறித்துக்கொள்வாள். அதற்கு மேல் ஐந்து சுரம், கீழே இரண்டு. அந்த எல்லைக்குள் ஏறி இறங்குகிற பாட்டைத் தேடுவாள். "ஏணி வேணாம். வாசப்படி உயரம் போதும்."

நீலநிற நோட்டு ஒன்றில் பாட்டுகளை அவளாக வைத்த பெயர்களில் எழுதி வைத்திருக்கிறாள். உட்கார்ந்துகொண்டு பாடுவது. பாத்திரம் தேய்த்துக்கொண்டே பாடுவது. கோபம் இருந்தால்தான் நன்றாக வருவது. 'மூச்சு மிச்சமாகும் பாட்டு' என்று ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. தாளம் விழுந்த பிறகு நிதானமாக எடுக்கலாம் என்கிற பாட்டுகளுக்கு நட்சத்திரக் குறி. தாளத்துக்கு முன்னாலேயே குதிக்க வேண்டியவற்றுக்கு மண்டையோடு. கார் ஓட்டச் சொல்லித்தரும் பெண் ஒருத்தி வருகிறாள். தெருவில் எத்தனை லாரி வந்தாலும் அசராதவள், பாட்டில் வரும் நீண்ட இடையிசைக்கு நடுங்கினாள். வாத்தியங்கள் வாசித்துக்கொண்டிருக்கும் அந்த ஒரு நிமிடம் கையை எங்கே வைத்துக்கொள்வது என்று அவளுக்குத் தெரியவில்லை. அக்கா ஓர் ஈரத் துண்டை அவள் தோளில் போட்டாள். "வாத்தியம் வந்தா இதை மடி. முடிஞ்சா உதறிட்டு மறுபடி மடி." அன்று முதல் அந்த அறையில் இடையிசை வந்தால் துண்டு மடிப்பது வழக்கமாகிவிட்டது. கச்சேரி முடிவதற்குள் கடையின் பாதி வேலை முடிந்துவிடுவதைப் பற்றி அக்கா எதுவும் சொல்வதில்லை.

எல்லாவற்றுக்கும் மேலே ஒரு பழக்கம் இருந்தது. முதல் பாட்டை அவள்தான் பாடுவாள். கண்றாவியாகப் பாடுவாள். அன்று புதிதாக வந்தவளுக்கு என்ன பாட்டு குறித்திருக்கிறாளோ அதையே எடுத்து, பல்லவியைச் சுமாராகக் கடந்து, சரணத்தில் சரியாக எங்கே புதியவள் தடுக்கி விழுவாளோ அங்கே தானும் விழுவாள். குரல் கீச்சென்று போகும். "போச்சு!" என்று சிரித்துக்கொண்டே அடுத்த வரியைப் பிடிப்பாள். பாட்டு முடிந்ததும் மைக்கைத் துடைத்து நீட்டுவாள். "எனக்கப்புறம் யாரு பாடினாலும் நல்லாத்தான் இருக்கும். வா."

ரொட்டிக்கடை நடத்தும் அம்மாள், கூட்டத்திலேயே வயதில் மூத்தவள், இதைக் கேட்டு ஒவ்வொரு வாரமும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். "உன் பாட்டைக் கேட்டா எங்க கடை மாவு கூடப் பொங்காதுடி" என்பாள்.

அக்காவின் கணவர் மட்டும் சிரிப்பதில்லை. இயந்திரங்களைப் பழுதுபார்க்கிறவர், பேச்சைவிட ஸ்பானரை அதிகம் நம்புகிறவர். விடிந்ததும் கடையைத் திறந்து, முதல் இயந்திரம் ஓடத் தொடங்கியதும், தரை துடைத்தபடியே அவள் பாடுவதைக் கேட்டிருக்கிறவர் அவர் ஒருவர்தான். அந்தக் குரல் வேறு. மேல் ஷட்ஜத்தை எட்டி, அங்கேயே மெல்ல ஆடி நின்று, மூச்சு வாங்காமல் இறங்கி வரும். "உன் நல்ல குரல் எனக்கும் மிஷினுக்கும் மட்டும்தான்னு எழுதியிருக்கு போல" என்று ஒருமுறை சொன்னார். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி ஒரு மழைக்கால மத்தியானம் வந்தாள். முப்பத்தைந்து வயதிருக்கும். வாரம் ஐந்து வெள்ளை மேலங்கி, வெள்ளைக் காலணி. தொலைபேசி எண்ணைச் சொல்லும்போது கூட அந்தக் குரல் வீட்டுக்குப் போகவில்லை, வாசலிலேயே நின்றது. அக்கா பென்சிலை வைத்துவிட்டு, "இன்னொரு தடவை சொல்லும்மா, சரியா விழல" என்றாள். மூன்றாம் முறைதான் பிடி கிடைத்தது.

நான்கு வாரம் அவள் பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தாள். ஐந்தாம் வாரம், ஏன் என்று அக்கா கேட்காமலே சொன்னாள்.

"ஸ்கூல்ல சேர்ந்து பாடுற குழுவுல என்னை நிக்க வெச்சாங்க. உயரமா இருப்பேன், வரிசைக்கு எடுப்பா இருக்கும்னு. ஆனா பாட்டு டீச்சர் காதுல வந்து, நீ வாயை மட்டும் அசை, சத்தம் வேணாம்னு சொல்லிட்டாங்க. நாலு வருஷம் அசைச்சேன்க்கா."

"இப்போ?"

"இப்போ பொண்ணுக்கு ஆறு வயசு. தூங்கும்போது பாட்டு கேப்பா. தலகாணி பக்கத்துல போனை வெச்சுப் போட்டு விடுறேன். போன வாரம் அவ டீச்சர் கேட்டிருக்காங்க, உங்க வீட்டுல யாரு பாடுவாங்கன்னு. 'எங்கம்மாவுக்கு வராது, போனுக்குத்தான் வரும்'னு சொல்லியிருக்கா." சிரிக்க முயன்றாள், அது பாதியிலேயே நின்றுவிட்டது.

அக்கா நோட்டைப் புரட்டினாள். அன்று பாட்டுத் தேர்வுக்கு அவள் எடுத்துக்கொண்டது முக்கால் மணி நேரம். கடைசியில் ஒரு பழைய படகுப் பாட்டைக் குறித்தாள். அதிகம் பேருக்கு நினைவில் இல்லாதது. அலைபோல ஒரே மெட்டு திரும்பத் திரும்ப வருவது. நான்கே சுரம், சரணத்தில் ஒரே ஓர் இடத்தில் மட்டும் கொஞ்சம் மேலே எட்டிப் பார்த்துவிட்டு இறங்கிவிடும். அதிலும் அரைக்கட்டை இறக்கினாள். விரிப்புகளில் ஒன்றைக் காட்டி, "அதுக்குப் பின்னாடி நின்னுக்கோ. யாரு கண்ணும் படாது" என்றாள். பிறகு வழக்கம்போலத் தானே முதலில் பாடி, எட்டிப் பார்க்கும் இடத்தில் வழுக்கி விழுந்து, ரொட்டிக்கடை அம்மாளைச் சிரிக்க வைத்து, மைக்கை விரிப்புக்குக் கீழே நீட்டினாள். ஒரு கை அதை வாங்கிக்கொண்டது.

முதல் வாரம் பல்லவி வரை. இரண்டாம் வாரம் சரணத்தின் பாதி. விரிப்பில் விழுந்த நிழல் மட்டும் தெரியும். ஒரு தோள், மைக்கைப் பிடித்த முழங்கை. குரல் மெல்லியது, ஆனால் கலப்படமில்லாதது. கொதிக்கும் முன் பாத்திரத்தின் அடியில் சின்னச் சின்னக் குமிழ்கள் எழுமே, அது மாதிரி. மூன்றாம் வாரம் அந்த உயரமான இடத்தில் குரல் உடைந்தது. "எனக்கும் அங்கதானேம்மா உடையுது! அந்தப் பாட்டுக்கே அங்க ஒரு பள்ளம்" என்றாள் அக்கா. விரிப்புக்குப் பின்னாலிருந்து முதல்முறையாகச் சிரிப்புச் சத்தம் வந்தது. அடுத்த வாரம் விரிப்பு தேவைப்படவில்லை.

அதற்கு மறுநாள் வியாழக்கிழமை. காலை ஏழு மணி இருக்கும். கடையின் இரும்புக் கதவு பாதி தூக்கியிருந்தது. முதல் இயந்திரம் ஓடிக்கொண்டிருக்க, அக்கா தரையைத் துடைத்தபடி அந்தப் படகுப் பாட்டையே பாடிக்கொண்டிருந்தாள். ஒரு வாரமாக வாயில் ஒட்டிக்கொண்டிருந்த பாட்டு. அந்த உயரமான இடம் வந்ததும் குரல் எந்தச் சிரமமும் இல்லாமல் ஏறி, மேலே நின்று, ஒரு சின்னச் சுழற்சி போட்டு இறங்கியது. ஈரத் துணியைப் பிழியத் திரும்பினாள். கதவின் அந்தப் பக்கம் வெள்ளைக் காலணிகள். குனிந்து உள்ளே பார்த்தபடி, மேலங்கிப் பையுடன், அவள்.

இயந்திரம் மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

"எந்த இடத்துல நேத்து விட்டீங்களோ, அதே இடம்" என்றாள் அவள்.

"இல்லம்மா, அது வந்து..."

"ஒவ்வொரு வாரமும் வேணும்னேதான் விட்டீங்களா?"

அக்கா ஈரத் துணியை வாளிக்குள் போட்டாள். அந்தப் பெண் பையை இறக்கி வைக்கவில்லை. கொண்டு வந்தபடியே எடுத்துக்கொண்டு போய்விட்டாள். அடுத்த புதன்கிழமை வரவில்லை. அதற்கடுத்ததும் இல்லை. அவளுடைய மேலங்கிகள் இரண்டு தெரு தள்ளி இருக்கும் இன்னொரு சலவைக்கடைக்குப் போகின்றன என்று ரொட்டிக்கடை அம்மாள் வந்து சொன்னாள்.

அந்த இரண்டு வாரமும் அக்கா வழக்கம்போல முதலில் பாடினாள். ஆனால் தப்பு வர வேண்டிய இடத்தில் தப்பே வரவில்லை; வேறெங்கோ வந்தது. ஏதோ பழகிய படிக்கட்டில் ஒரு படி குறைந்துவிட்டது போலத் தடுமாறினாள். "உனக்குத் தப்பாப் பாடக்கூட மறந்துபோச்சா?" என்றாள் ரொட்டிக்கடை அம்மாள். எல்லோரும் சிரித்தார்கள். அக்காவுக்குச் சுருக்கென்றது.

கணவர்தான் வழி சொன்னார், தன் பாணியில். இயந்திரத்துக்கு அடியில் படுத்துக்கொண்டு, தலையை வெளியே நீட்டாமல், "டாக்டர் சர்க்கரை டெஸ்ட் எடுக்கச் சொல்லி மூணு மாசமாச்சு. அந்தச் சீட்டு அலமாரியிலயே கிடக்கு" என்றார்.

பரிசோதனைக் கூடம் மாடிக் கட்டடம் ஒன்றின் இரண்டாம் தளத்தில் இருந்தது. பச்சைத் திரை, சக்கர நாற்காலி ஒன்று, சுவரில் ஓடும் கடிகாரம். அக்காவின் எண்ணைக் கூப்பிட்டதும் உள்ளே போய் உட்கார்ந்தாள். மேலங்கிப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சீட்டை வாங்கிப் படித்தாள். கையுறையை மாட்டினாள்.

"கையை நீட்டுங்க. விரலை மடக்கிக்குங்க." ரப்பர் பட்டையை இறுக்கினாள். நரம்பைத் தடவிப் பார்த்தாள். பிறகு வாய் தானாகச் சொன்னது: "எறும்பு கடிக்கிற மாதிரி இருக்கும், அவ்வளவுதான்."

"எறும்பா?"

ஊசி பிடித்த கை நின்றது.

"எல்லார்கிட்டயும் சொல்றதுதான்."

"நிஜமா எப்படி இருக்கும்?"

"ஊசி குத்துற மாதிரி இருக்கும்."

இருவருக்குமே சிரிப்பு வந்தது. வந்ததை இருவருமே காட்டிக்கொள்ளவில்லை. ஊசி இறங்கியது. கண்ணாடிக் குழாயில் இருண்ட சிவப்பு ஏறியது.

"நீயும் என்னை மாதிரித்தானேம்மா. பயந்து வர்றவங்ககிட்ட ஒரு பொய்" என்றாள் அக்கா.

"இல்லக்கா." அவள் குழாயை மாற்றினாள். குரல் தாழ்ந்திருந்தது, ஆனால் உறுதியாக இருந்தது. "நான் எறும்புன்னு சொல்றேன். ஆனா பக்கத்து நாற்காலியில உக்காந்து, எனக்கும் குத்துது, எனக்கும் வலிக்குதுன்னு நடிக்கிறதில்ல. குத்துறது நான்தான்னு தெரிஞ்சுதான் கையை நீட்டுறாங்க. நீங்க என் பக்கத்துல உக்காந்தீங்க. நமக்கு ரெண்டு பேருக்கும் ஒரே பள்ளம்னு சொன்னீங்க. அதை நம்பித்தான் நான் விரிப்பை விட்டு வெளிய வந்தேன்."

பட்டையைத் தளர்த்தினாள். பஞ்சை வைத்து அழுத்தினாள். "அழுத்திப் பிடிச்சுக்குங்க."

அக்கா பஞ்சை அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுந்து போயிருக்கலாம். வெளியே அடுத்த எண் காத்திருந்தது. ஆனாலும் சொன்னாள். வேறு யாரிடமும், கணவரிடமும் கூட, சொன்னதில்லை.

ஊருக்கெல்லாம் அக்காவான அவளுக்கும் ஓர் அக்கா உண்டு. மூன்று வயது மூத்தவள். இவளுக்குப் பதினாறு வயதிருக்கும்போது வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். மூத்தவள் ஒரு பாட்டுப் பாடினாள். பல நாள் ஒத்திகை பார்த்த பாட்டு. எல்லோரும் தலையாட்டினார்கள். அப்புறம் சின்னவள் பாடட்டும் என்றார்கள். சின்னவளும் அதே பாட்டையே எடுத்தாள். விளையாட்டாகத்தான், வேறெதுவும் சட்டென்று நினைவுக்கு வராததால். பாடி முடித்தபோது அறையில் சத்தமே இல்லை. ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்தார். மூத்தவள் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதற்குப் பிறகு அவள் பாடி யாரும் கேட்டதில்லை.

"முப்பத்து மூணு வருஷம் ஆச்சு. நான் நல்லாப் பாடினா ஒருத்தி வாய் மூடிக்கும்மா. அதான் எனக்குத் தெரிஞ்சது" என்றாள் அக்கா.

அந்தப் பெண் குழாய்களில் பெயர் ஒட்டிக்கொண்டிருந்தாள். கை நிற்கவில்லை.

"உங்களாலதான் பாடறதில்லன்னு அவங்க சொன்னாங்களா?"

"கேட்டதில்ல."

"முப்பத்து மூணு வருஷமா?"

"எப்படிம்மா கேப்பேன்?"

"அவங்களுக்கும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க. எனக்கும் நீங்களே முடிவு பண்ணிட்டீங்க." சொல்லிவிட்டுக் கொஞ்சம் மென்மையானாள். "எனக்கு ஒண்ணும் நல்ல குரல் மேல கோவம் இல்லக்கா. நீங்க முதல்ல பாடாதீங்க. கடைசியா பாடுங்க. எல்லாரும் பாடி முடிச்சப்புறம், உங்க குரல்ல."

"நீ வருவியா?"

"அடுத்த நம்பர்!" என்று அவள் திரையை விலக்கிக் கூப்பிட்டாள்.

அன்று சாயங்காலம் அக்கா மூத்தவளுக்குப் போன் செய்தாள். எண்ணெய் விலை, முட்டி வலி, மருமகன் வேலை மாறியது என்று ஒவ்வொன்றாகப் பேசி முடித்த பிறகும் போனை வைக்கவில்லை.

"என்னடி, இன்னும் ஏதோ இருக்கு போல?"

கேட்டுவிட்டாள். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை மூடும் சத்தம் மட்டும் வந்தது.

"உன்னாலயான்னா... கொஞ்சம் உன்னாலதான். ரெண்டு வருஷம் உன்மேல எரிச்சலாத்தான் இருந்துச்சு. அப்புறம் கல்யாணம், பிள்ளைங்க, வேலை. அது எங்க போச்சுன்னே தெரியல. நீ ஏன்டி இதைத் தூக்கிச் சுமந்துக்கிட்டிருக்க?" பிறகு கேட்டாள்: "நீ பாடிட்டுத்தானே இருக்க?"

"இல்லக்கா. யாரு முன்னாலயும் பாடறதில்ல."

"அடிப்பாவி!" என்றாள் மூத்தவள். கோபமா அழுகையா என்று பிரித்தறிய முடியாத குரல். "அப்போ ரெண்டு பேருமே பாடலையா?"

புதன்கிழமை வந்தது. மழை விட்டு ஜன்னலில் வெயில் இருந்தது. இரண்டு மணிக்கு எல்லோரும் உட்கார்ந்து, அக்கா தொடங்குவாள் என்று காத்திருந்தார்கள். அவள் மைக்கைத் துடைத்து ரொட்டிக்கடை அம்மாளிடம் நீட்டினாள்.

"இன்னைக்கு நீ ஆரம்பி."

"நானா? நீ பாடி நாங்க சிரிக்க வேணாமா?"

"நீ பாடு, நாங்க சிரிக்கிறோம்."

ரொட்டிக்கடை அம்மாளுக்கு அச்சம் என்பதே கிடையாது, சுருதியும் கிடையாது. ஒரு கல்யாணப் பாட்டை எடுத்து, அது போகிற வழியில் போகவிட்டு, கடைசியில் எப்படியோ பிடித்துக்கொண்டு வந்து நிறுத்தினாள். கார் சொல்லித்தரும் பெண் இடையிசையில் மூன்று துண்டு மடித்தாள். ஒருத்தர் பின் ஒருத்தராகப் பாடினார்கள். அக்கா ஒவ்வொருத்தருக்கும் பொத்தானை அழுத்திச் சுருதி சரிசெய்தாள். கண் மட்டும் அடிக்கடி வாசலுக்குப் போய் வந்தது. நாலரை மணி ஆயிற்று. வெயில் கடைசி விரிப்பு வரை வந்து அதைப் பொன்னாக்கியிருந்தது. சிலர் கூடைகளை எடுத்துக் கிளம்பத் தயாரானார்கள்.

அப்போது அந்த விரிப்பின் அடியில் வெள்ளைக் காலணிகள் தெரிந்தன. எப்போது வந்தாள், எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. அந்தப் பக்கமே நின்றன, நகரவில்லை.

"நான் ஒண்ணு பாடுறேன்" என்றாள் அக்கா. யாரையும் பார்த்துச் சொல்லவில்லை.

"இதோ வந்துருச்சுடி நம்ம கச்சேரி" என்று ரொட்டிக்கடை அம்மாள் கூடையை மறுபடி கீழே வைத்தாள்.

அக்கா படகுப் பாட்டைப் போட்டாள். சுருதியைக் குறைக்கவில்லை, பொத்தான் பக்கம் கையே போகவில்லை. கண்ணை மூடிக்கொண்டு பல்லவியை எடுத்தாள். முதல் வரியிலேயே சிரிப்பதற்காகத் திறந்த ரொட்டிக்கடை அம்மாளின் வாய் திறந்தபடி நின்றுவிட்டது. குரல் விரிப்புகளுக்கிடையே போயிற்று. ஈரக் காற்றில் தங்கி, ஜன்னல் வெளிச்சத்தோடு கலந்து, இயந்திரங்களின் ரீங்காரத்தின் மேல் ஓடம் போல அசைந்து அசைந்து வந்தது. எத்தனை வருடமாக அந்த அறை அந்தக் குரலைச் சுவருக்கு அப்பாலிருந்தே கேட்டிருக்கும்! சரணம் வந்தது. அந்த உயரமான இடம் வந்தது. அக்கா ஏறினாள்; நின்றாள்; இறங்கினாள். முன்பக்கத்தில் ஸ்பானர் ஒன்று தரையில் விழுந்த சத்தம் கேட்டது.

பாட்டு முடிந்தது. அவள் கண்ணைத் திறக்கவில்லை. ஒருவரும் கைதட்டவில்லை. ஒரு மூச்சுச் சத்தம் கூட இல்லை. அந்த மௌனம் அவளுக்குத் தெரிந்த மௌனம். பதினாறு வயதில் கேட்ட அதே மௌனம். கண்ணைத் திறந்தால் எல்லோரும் கூடைகளை எடுத்துக்கொண்டு எழுந்திருப்பதைப் பார்க்க வேண்டியிருக்கும் என்று நினைத்தாள். மைக்கை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

விரிப்பு விலகும் சரசரப்பு. ஈரத் தரையில் காலடிகள். கிட்டே வந்து நின்றன.

"எனக்கு அரைக்கட்டை இறக்குங்கக்கா" என்றது அந்த மெல்லிய குரல். "அதே பாட்டுதான். என் பொண்ணும் வந்திருக்கா. வாசல்ல மிஷினைப் பார்த்துட்டு நிக்கிறா. அவளுக்குக் கேக்கணும்."

அக்கா கண்ணைத் திறந்தாள். எதிரே கை நீண்டிருந்தது. மைக்கை அதில் வைத்தாள். வைத்தவளுக்கு விடத் தோன்றவில்லை. நான்கு கைவிரல்களும் கட்டைவிரலும் அதை இறுகப் பற்றியபடியே இருந்தன. பரிசோதனைக் கூடத்துப் பெண் அவசரப்படவில்லை. குழாயில் இரத்தம் ஏறும்வரை காத்திருக்கப் பழகியவள். அக்காவின் விரல்களை ஒவ்வொன்றாக, வலிக்காமல் பிரித்து, மைக்கை எடுத்துக்கொண்டாள்.